ராமும் அபிஸ்டோவும் வாடிக் கிடந்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

‘ராம் ஜோடி வாங்கி நாலு நாள்தான் ஆச்சு. ஒண்ணு மூலையிலேயே நிக்குது. என்ன மருந்து போடலாம்?’

மீன் வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பெரும்பாலும் இதுதான். நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்? தொட்டி வைத்து எத்தனை நாள் ஆயிற்று? கூட என்ன மீன் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் மருந்து தேவைப்பட்ட சந்தர்ப்பங்கள் குறைவு. ராம், அபிஸ்டோ போன்ற சின்னத் தொட்டி மீன்களைக் குள்ளச் சிக்லிட்டுகள் என்பார்கள். அவற்றில் நோய் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரில் தொடங்கி, உடம்பில் முடிகிறது. அதனால் முதலில் தண்ணீர், அடுத்து அக்கம்பக்கத்து மீன், கடைசியில்தான் மருந்து. கீழே உள்ள எல்லா அறிகுறிக்கும் இந்த வரிசையில்தான் போகப்போகிறோம்.

இந்த மீன்களின் ஊரைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். ராம் மீனுக்குச் சொந்த ஊர் வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஓரினோகோ ஆற்றை ஒட்டிக் கிடக்கும் புல்வெளிச் சமவெளி. 1948இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அதைப் பிடித்துவந்த மனுவேல் ராமிரேஸின் நினைவாக ராமிரேசி என்று வைத்தார்கள். அதுதான் சுருங்கி ராம் ஆயிற்று. அந்தத் தண்ணீர் சூடானது, சுண்ணாம்பு அதிகம் கலக்காத மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. அபிஸ்டோ என்று சுருக்கிச் சொல்லும் அபிஸ்டோக்ராமா வகைகளில் பெரும்பாலானவை அமேசான் பக்கத்து ஓடைகளில், அடியில் மக்கிக் கிடக்கும் இலைகளுக்கு நடுவே வாழ்பவை. அப்படிப்பட்ட மீனைக் கொண்டுவந்து, பாத்திரத்தில் காய்ச்சினால் வெள்ளை படிகிற போர் தண்ணீரில் விடுகிறோம்.

கையில் நான்கு பொருள் இருக்கட்டும்: ஒரு தெர்மாமீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர், பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) பார்க்கும் சொட்டு மருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட். நான்கும் சேர்ந்து ஒரு நல்ல அபிஸ்டோ ஜோடியின் விலைக்குப் பக்கத்தில் வரும். இவை இல்லாமல் காரணம் தேடுவது இருட்டில் துழாவுவதுதான்.

வாங்கிய ஒரு வாரத்துக்குள் செத்துவிடுகிறது

முதலில் அம்மோனியா பாருங்கள். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது. அது ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கப்பி, மோலி அந்த நாட்களைத் தள்ளிவிடலாம். ராம் தள்ளாது.

போர் தண்ணீர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அம்மோனியாவின் நச்சு, பி.எச். ஏற ஏறக் கூடும். 28 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரே அளவு அம்மோனியா. பாதிப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. கடைக்காரர் தொட்டியில் நன்றாக இருந்த மீன் வீட்டில் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அம்மோனியா கொஞ்சம் தெரிந்தாலும் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை அப்படியே வாங்கிவந்து போடுங்கள். எந்தப் பாட்டில் மருந்தும் அதற்கு ஈடாகாது. அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது குளோரின். குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் எதுவானாலும் ஆன்டி குளோரின் சொட்டு போடாமல் தொட்டிக்குள் போகக் கூடாது. லாரித் தண்ணீரில் ஒரு நாள் குளோரின் வாசனையே இருக்காது, மறுநாள் மூக்கைத் துளைக்கும். ‘போன தடவை போடாமலே நல்லாத்தானே இருந்துச்சு’ என்பதை நம்பாதீர்கள்.

மூன்றாவது, தண்ணீர் மாறிய அதிர்ச்சி. கடைத் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு என்று வாங்கும்போதே மீட்டரை முக்கிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடையில் 250, வீட்டில் 1,000 என்றால், கவரை அரை மணி நேரம் மிதக்கவிட்டுக் கொட்டினால் போதாது. அது வெப்பத்தை மட்டும்தான் சரிசெய்யும். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் இறக்குங்கள்.

பார்சலில் ஒரு நாள் பயணம் செய்து வந்த மீனுக்கு மட்டும் இந்த முறை கூடாது. மூடிய கவருக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட மூச்சால் பி.எச். இறங்கி, அந்த அம்மோனியா அடங்கிக் கிடக்கும். கவரைத் திறந்ததும் பி.எச். ஏறும், அம்மோனியா நச்சாகும். அப்போது மெதுவாகச் சொட்டவிடுவது மீனை நச்சில் ஊறவைப்பதாகிவிடும். அந்த மீனுக்கு, அது புறப்பட்ட இடத்தின் டி.டி.எஸ்.ஸுக்கு ஏற்பத் தண்ணீரை முன்கூட்டியே தயார்செய்து, வெப்பம் சமமானதும் வலையில் எடுத்து உடனே மாற்றிவிட வேண்டும்.

நான் முதலில் வாங்கிய ராம் ஜோடி ஐந்தாம் நாள் போனது. தொட்டி வைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, தண்ணீர் போர் தண்ணீர், கையில் டெஸ்ட் கிட் இல்லை. வெள்ளைப்புள்ளி மருந்தும் பூஞ்சை மருந்தும் ஒன்றன் பின் ஒன்றாக ஊற்றினேன். பெண் மீன் கடைசிவரை ஆணுக்குப் பக்கத்திலேயே நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. இதையெல்லாம் எழுதுவதே அதனால்தான்.

எது வாங்கினாலும் ஒரு மாதம் தாண்டுவதில்லை

அம்மோனியா இல்லை, குளோரின் இல்லை, நோயும் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக மெலிந்து போகிறது. அப்படியானால் உங்கள் தண்ணீருக்கு ஒத்துவராத மீனைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நிறத்தைப் பார்த்து மீன் வாங்கி, அதற்குத் தண்ணீரை வளைப்பது கடினம். தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குவது சுலபம்.

தண்ணீரில் கடினம் அதிகம், பி.எச். 7.5க்கு மேல், ஆர்.ஓ. கலக்க வசதி இல்லை என்றால் ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ் வாங்குங்கள். நைஜீரியா பக்கத்து மீன். பெண்ணின் வயிறு செர்ரிப் பழம் போலச் சிவக்கும். சிக்லிட் குடும்பத்தில் ஆணைவிடப் பெண் அழகாக இருக்கும் மீன்களில் அது ஒன்று. பொலிவியன் ராமும் தாக்குப்பிடிக்கும். நிறம் கொஞ்சம் அடக்கம்தான், ஆனால் வளர்த்துப் பார்த்தவர்கள் அதை விடமாட்டார்கள். அபிஸ்டோ ஆசை என்றால் கக்கட்டுவாய்டஸ். பெரு நாட்டு அமேசான் பகுதியிலிருந்து வந்தது. கடினத் தண்ணீரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் அபிஸ்டோக்களில் இது ஒன்று. டபுள் ரெட், டிரிபிள் ரெட் என்று விற்கும் சிவப்பு வால் ரகங்கள் எல்லாம் இதிலிருந்து வளர்த்தெடுத்தவை.

அகசிசி என்ற அபிஸ்டோ, ஜெர்மன் புளூ ராம், எலெக்ட்ரிக் புளூ ராம் வேண்டுமென்றால் ஆர்.ஓ. கலக்கத் தயாராகுங்கள். கணக்கு எளிது. போர் தண்ணீர் 900, ஆர்.ஓ. 30 என்றால், ஒரு பங்கு போருக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. கலந்தால் ஏறத்தாழ 200 வரும். ராமுக்கு அது நல்ல அளவு. ‘எதற்குக் கலக்கணும், முழுக்க ஆர்.ஓ. ஊத்திடலாமே’ என்று தோன்றும். ஊற்றாதீர்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச்.ஐத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் இருக்காது. ஒரு நாள் பி.எச். சரிந்து 6க்கும் கீழே போகும். ஃபில்டர் பாக்டீரியாவின் வேலை படுத்துவிடும். வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நுரைக்கும், மீனுக்கு உப்பின் மொத்த அளவு அப்படியேதான் இருக்கும்.

பொரெல்லி என்னும் அபிஸ்டோவைச் சென்னையில் யாருக்கும் நான் சொல்வதில்லை. பராகுவே ஆற்றுப் பக்கத்து மீன், குளிர்ச்சி விரும்பி. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம்.

அடி மணலையும் சோதியுங்கள். கொஞ்சம் மணலை ஒரு கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அதில் சிப்பித் தூளோ சுண்ணாம்புக் கல்லோ இருக்கிறது. நீங்கள் எவ்வளவு ஆர்.ஓ. ஊற்றினாலும் அது கரைந்து கடினத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். கட்டடத்துக்குப் போடும் எம்-சாண்டும் வேண்டாம். இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளிச் சலித்து, செவுள் வழியாக வெளியே விடும். கூர்மையான துகள் செவுளைக் கிழிக்கும். நன்றாகக் கழுவிய மெல்லிய ஆற்றுமணல்தான் சரி.

கடையில் நிற்கும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் வயிறு. மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் முதுகு கத்தி போல் ஒடுங்கியிருந்தால் அந்தத் தொட்டியில் எதையுமே வாங்காதீர்கள். அப்புறம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடிவந்து தின்கிற மீன் மட்டும் போதும். நாணயம் அளவுகூட இல்லாத குட்டி ராம், முழு வளர்ந்த மீனின் நிறத்தோடு ஜொலித்தால் சந்தேகப்படுங்கள். ஹார்மோன் கொடுத்து நிறம் ஏற்றிய மீனாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் வெளுக்கும், இனப்பெருக்கமும் பெரும்பாலும் வராது. பலூன் ராம் என்று உருண்டையாக விற்பதை நான் வாங்குவதில்லை. முதுகெலும்பு குறுகிப்போன மீன் அது, உள்ளுறுப்புகள் நெருக்கிக்கொண்டு கிடக்கும்.

வண்ணமீன் வாங்கச் சென்னைக் கொளத்தூருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இது இங்கேயே வளர்ந்த மீனா, வெளிநாட்டிலிருந்து வந்ததா? இங்கே பண்ணையில் குஞ்சிலிருந்து வளர்ந்தது என்றால் நம் தண்ணீர் ஓரளவு பழகியிருக்கும். வெளியிலிருந்து வந்தது என்றால், கடைக்கு வந்து இரண்டு வாரமாவது ஆனபிறகு வாங்குங்கள்.

மேலே வந்து வாயைப் பிளக்கிறது, செவுள் வேகமாக அடிக்கிறது

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்தால் அது தண்ணீர்ப் பிரச்சினை. ஒன்று மட்டும் என்றால் அந்த மீனின் செவுளில் பிரச்சினை.

எல்லாம் வந்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். நைட்ரைட் இருந்தால் தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு அரை கிராம் கல் உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் நுழைவதைத் தடுக்கும். நைட்ரைட் போனதும் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பையும் குறைத்துவிடுங்கள்.

இரண்டுமே பூஜ்யம் என்றால் வெப்பம். மே மாதத்தில் மாடி வீட்டுத் தொட்டிகள் 33 டிகிரியைத் தொடும். தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் கரைவது குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், 32இல் 7.3. குறைவது கொஞ்சம்தான், ஆனால் அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, அழுகும் தீனியும் அதிகம் உறிஞ்சுகிறது. ராமுக்கு 30 வரை பரவாயில்லை. கக்கட்டுவாய்டஸ் 29க்கு மேல் தவிக்கும். தொட்டி மூடியைத் திறந்து, தண்ணீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறி காற்றை அடிக்கவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள், திடீர் இறக்கம் சூட்டைவிட மோசம்.

விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த தண்ணீரைப் போர் தண்ணீரால் நிரப்பினால் வாரத்துக்கு வாரம் டி.டி.எஸ். ஏறும். நிரப்புவதற்கு மட்டும் சுத்த ஆர்.ஓ. போதும்.

விடிகாலையில் மட்டும் மேலே வந்து, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் செடிகள் காரணம். இரவில் செடியும் ஆக்சிஜன் எடுக்கும். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கிவைப்பது நல்லது.

நிறம் மங்கிவிட்டது

விளக்கைப் போட்ட முதல் பத்து நிமிடம் எல்லாக் குள்ளச் சிக்லிட்டும் வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பகலிலும் வெளிறி இருந்தால் சூழலைப் பாருங்கள். அடியில் வெள்ளைக் கல், பின்னால் வெறும் கண்ணாடி, மேலே கண் கூசும் விளக்கு என்றால் மீன் தன்னை மறைத்துக்கொள்ள நிறத்தை அடக்கும். பின்பக்கம் கறுப்பு சார்ட் ஒட்டுங்கள், மேலே மிதக்கும் செடி விடுங்கள், அடியில் இலை போடுங்கள்.

இலை என்றால் நம் ஊர் நாட்டு பாதாம் இலையே போதும். வாதுமை மரம் என்று பள்ளிக்கூட வாசலிலெல்லாம் நிற்குமே, அந்த மரம். தானாகச் சிவந்து உதிர்ந்து காய்ந்த இலையை, சாலைத் தூசு இல்லாத இடத்தில் பொறுக்கிக் கழுவிப் போடுங்கள். 60 லிட்டருக்கு இரண்டு இலை. தண்ணீர் டீ நிறமாகும், மீன் இரண்டே நாளில் வெளியே வரும். கடினத் தண்ணீரில் இலை பி.எச்.ஐப் பெரிதாக இறக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். மீனுக்கு அது தரும் நிழலும் பாதுகாப்பு உணர்வும்தான் பெரிய லாபம்.

மீன் வெளிறவில்லை, கறுத்துவிட்டது. துடுப்புகளை மடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் அது வேறு. அது நோய்வாய்ப்பட்டிருக்கிறது, அல்லது இன்னொரு மீனுக்கு அடங்கிக் கிடக்கிறது. கீழே போங்கள்.

பெண் அபிஸ்டோ திடீரென்று எலுமிச்சை மஞ்சளாகி, உடம்பில் கரும்புள்ளி அழுத்தமாகத் தெரிந்தால் நிறம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். முட்டையிட்டிருக்கிறாள், அல்லது இடப்போகிறாள். வாழ்த்துகள்.

தீனி எடுக்கவில்லை, வெள்ளையாக நூல் மாதிரி போகிறது

இந்த அறிகுறியில் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வந்து மூன்று நாள்தான் ஆகிறது, மீன் துடிப்பாக இருக்கிறது, தீனியை வாயில் வாங்கித் துப்புகிறது என்றால் தீனி பழகவில்லை. ஃப்ளேக்ஸ் என்னும் செதில் தீனி, தீனி என்றே பல அபிஸ்டோக்களுக்குத் தெரியாது. உறைந்த ரத்தப்புழு அல்லது வீட்டில் முட்டையிலிருந்து பொரிக்கவைத்த ஆர்டீமியா என்னும் நுண்ணிய இறால் குஞ்சு கொடுத்து ஆரம்பியுங்கள். அது ருசித்ததும் அதோடு சின்ன அமிழும் குருணைத் தீனியைக் கலந்து பழக்கலாம். கடைகளில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் தொடுவதே இல்லை. கழிவுநீர் ஓடைச் சேற்றில் எடுப்பது அது. நோயை விலைகொடுத்து வாங்குவதாகிவிடும்.

மீன் தின்னாமல் இருந்தால் வெறும் குடலிலிருந்து சளி மட்டும் வெள்ளையாக வரும். அதனால் வெள்ளை நூலைப் பார்த்ததும் புழு, ஒட்டுண்ணி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் வெள்ளை நூலோடு வயிறும் ஒட்டி, நிறமும் கறுத்து, தீனியைத் துப்பிக்கொண்டு ஒரு வாரம் போனால் குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற நுண்ணுயிர் பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். சிக்லிட்டுகளில் இது சகஜம். பல மீன்களின் குடலில் இது அமைதியாகவே இருக்கும். தண்ணீர் கெட்டாலோ மீன் அஞ்சி அஞ்சி வாழ்ந்தாலோ பெருகும். ஆக, மருந்து கொடுத்து அதே கெட்ட தண்ணீரில் விட்டால் திரும்பவும் வரும்.

இதற்கான மருந்து மெட்ரோனிடசோல். கால்நடை மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கரைத்தால் 60 லிட்டருக்குச் சரியாக இருக்கும். அதாவது, இரண்டடி தொட்டிக்கு ஒன்று. தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு மறுபடி மருந்து, ஐந்து நாள். மீன் இன்னும் கொஞ்சமாவது தின்கிறது என்றால் தீனியில் கலந்து கொடுப்பது இன்னும் நல்லது, குடலுக்கு நேராகப் போகும்: 40 கிராம் தீனிக்குக் கால் மாத்திரை. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும்.

ஆசனத்துவாரத்தில் சிவப்பு நூல் நுனிகள் நீட்டிக்கொண்டு, மீன் அசையாமல் நிற்கும்போது தெரிந்தால், அது கமலானஸ் என்ற உருளைப்புழு. கப்பி, மோலி வழியாகத்தான் பெரும்பாலும் தொட்டிக்குள் வரும். மெட்ரோனிடசோல் இதைத் தொடாது. லெவாமிசோல் வேண்டும், லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கை அணைத்துவிட்டு ஒரு நாள். மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்யும், மீன் அதை வெளியே தள்ளும். அடியில் விழுந்ததையெல்லாம் மறுநாளே சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை.

வயிறு உப்பி, செதில்கள் அன்னாசிப்பழத் தோல் போல் சிலிர்த்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்டால் நம் கையில் இருப்பது மிகக் குறைவு. தனித் தொட்டியில் அமைதியாக வைத்து, மற்ற மீன்களின் தண்ணீரைக் கவனியுங்கள்.

ஒளிந்தே கிடக்கிறது, வால் கிழிந்திருக்கிறது

தொட்டியின் முன் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இரண்டடி தொட்டியில் இரண்டு ஆண் அபிஸ்டோ வாழ முடியாது. பலர் ‘ஜோடி’ என்று வாங்கிவருவது இரண்டு ஆண்களைத்தான். ராமில் ஆணுக்கு முதுகுத்துடுப்பின் முன் முட்கள் நீண்டிருக்கும். பெண்ணுக்கு வயிறு ரோஜா நிறம், உடம்பின் கறுப்புப் பொட்டுக்குள் நீலச் செதில்கள் மின்னும். பண்ணை ரகங்களில் இந்த அடையாளங்கள் குழம்பிக் கிடக்கும். ஆறு குட்டிகளை வாங்கி வளர்த்து, தானாக இணைந்த ஜோடியை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பதுதான் உறுதியான வழி. ராம் ஒரே துணையோடு வாழும். கக்கட்டுவாய்டஸில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக் குகை, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியக் கூடாது. அப்படி வைக்க மூன்றடி தொட்டியாவது தேவை.

குகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டி, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, விளிம்பில் பெண் மீன் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துவிடுங்கள். அதைவிட நல்ல குகையை நான் பார்த்ததில்லை.

கிழிந்த வாலோடு மூலையில் கிடப்பது பெரிய ஆண், துரத்துவது சின்ன மஞ்சள் பெண் என்றால் முட்டை இருக்கிறது. சின்னத் தொட்டியில் அவள் அவனைக் கொன்றேவிடுவாள். ஆணை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

யாரும் யாரையும் துரத்தவில்லை, ஆனாலும் ஒளிகிறது என்றால் ஆச்சரியமான ஒரு காரணம் உண்டு: தொட்டியில் வேறு மீனே இல்லாதது. மேல்மட்டத்தில் சின்ன மீன் கூட்டம் நிம்மதியாக நீந்துவதைப் பார்த்துத்தான் ஆபத்து இல்லை என்று இவை முடிவு செய்கின்றன. எட்டுப் பத்து கார்டினல் டெட்ராவோ ரம்மிநோஸோ விட்டுப் பாருங்கள். டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பைக் கடிக்கும்.

வெள்ளைப்புள்ளி

உடம்பில் ரவை தூவியது போல் இருந்தால் வெள்ளைப்புள்ளி நோய். டிசம்பரில் சென்னைத் தண்ணீர் 24, 25க்கு இறங்கும்போது ராமுக்கு முதலில் வருவது இதுதான். ஹீட்டர் வைத்து ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 30க்கு ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி, பத்து நாள் அப்படியே வையுங்கள். ராம் அந்தச் சூட்டை மகிழ்ச்சியாகத் தாங்கும். ‘சென்னையில் எதற்கு ஹீட்டர்’ என்று கேட்காதீர்கள். ராம் வளர்த்தால் நவம்பரிலேயே தேவை.

முட்டை காணாமல் போகிறது, அல்லது வெள்ளையாகிறது

முதல் இரண்டு மூன்று முறை முட்டையைத் தின்பது இளம் ஜோடிக்கு வழக்கம். விட்டுவிடுங்கள், கற்றுக்கொள்ளும். ஐந்தாறு முறை ஆகியும் தின்றால் இரவைக் கவனியுங்கள். விளக்கு பட்டென்று அணைந்து கும்மிருட்டானால் பெற்றோர் பதறும், அந்த நேரத்தில் அடிமட்ட மீன்கள் வந்து முட்டையைத் தின்னும். மங்கலான இரவு விளக்கு ஒன்று போதும். பிளெக்கோ, லோச் மாதிரி இரவில் மேயும் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

முட்டை எல்லாமே ஒரே நாளில் வெள்ளையானால் கருவுறவில்லை. ஆண் மீன், ஹார்மோன் கொடுத்து நிறம் ஏற்றியதாக இருக்கலாம், அல்லது தண்ணீர் மிகக் கடினமாக இருக்கலாம். ராமுக்கு டி.டி.எஸ்.ஐ 100க்கு இறக்கி ஒருமுறை பாருங்கள். அதிலும் வெள்ளையானால் ஆணை மாற்ற வேண்டியதுதான்.

28 டிகிரியில் ராம் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும். இன்னும் ஐந்து நாளில் குஞ்சுகள் நீந்தும். நீந்தத் தொடங்கிய அன்றே ஆர்டீமியா தயாராக இருக்க வேண்டும். லிட்டருக்கு 25 கிராம் உப்பில் 24 மணி நேரத்தில் பொரியும், அதனால் முந்தின நாளே போட்டுவையுங்கள். ஒரு நாள் தாமதித்தால் குஞ்சு பட்டினியில் போய்விடும்.

குஞ்செல்லாம் ஆணாகவே வருகிறது

கக்கட்டுவாய்டஸ் வளர்க்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் இதைச் சொல்வார்கள். ஜோடியின் குறை அல்ல, வெப்பம். ஊவே ரோமர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து அபிஸ்டோ வகைகளின் குஞ்சுகளை 23, 26, 29 டிகிரிகளில் வளர்த்துப் பார்த்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டார். பல வகைகளில் வெப்பம் ஏற ஏற ஆண்கள் அதிகமாயின. முட்டையிட்ட பிறகு வரும் முதல் மாதத்தில்தான் இது தீர்மானமாகிறது. கிரிபென்சிஸில் வேறு கதை: அங்கே பி.எச். அமிலப்பக்கம் போனால் ஆண்கள் கூடுகின்றன.

அதனால் அபிஸ்டோவுக்கு மார்ச்சிலிருந்து ஜூன்வரை முட்டை எடுக்க அவசரப்படாதீர்கள். நவம்பர், டிசம்பரில் ஹீட்டரை 26 டிகிரியில் வைத்து, பெண்ணைக் குகையோடு தனித் தொட்டிக்கு மாற்றி முட்டை எடுங்கள். குஞ்சுகள் ஐந்து வாரம் தாண்டும்வரை அந்த 26ஐ மாற்றாதீர்கள். அப்புறம் வளர்ந்து வரும்போது, ஆண்களுக்கு நடுவே மஞ்சள் பூத்த சின்னப் பெண்களும் சரிபாதியாகத் தெரிய ஆரம்பிக்கும்.